இரும்புக்குப் பேரீச்சம்பழம்

'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழேம்...'

இந்தக் குரல் உங்கள் காதில் விழுந்து எத்தனை வருஷம் இருக்கும்? நாற்பதைத் தாண்டியவர் என்றால், ஒரு தள்ளுவண்டியும், அதில் ஒரு தராசும், கறுப்பாகக் கட்டிதட்டிப் போய் ஒட்டிக்கொண்டு கிடக்கும் பழமும் இந்நேரம் கண்முன் வந்திருக்கும். அதற்கு அடுத்த தலைமுறைக்கு அது சினிமா காமெடியாகத்தான் தெரியும். ஆனாலும் ஓட்டை சைக்கிளைப் பார்த்தால், 'இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்' என்று சொல்லாத ஆள் தமிழ்நாட்டில் இருக்கிறாரா என்ன?

யோசித்துப் பார்த்தால் விசித்திரமான பண்டமாற்று இது. வீட்டில் கிடக்கிற இரும்பைத் தூக்கிக் கொடுக்கிறோம். பதிலுக்கு, 'இரும்புச்சத்து நிறைய இருக்கு, பிள்ளைகளுக்கு ரத்தம் ஊறும்' என்று சொல்லிக்கொண்டு ஒரு பழத்தை வாங்குகிறோம். அதாவது இரும்பு கொடுத்து இரும்பு வாங்கியிருக்கிறோம்! இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு? நாம் கணக்குப் பார்த்ததே இல்லை. இந்த வாரம் பார்த்துவிடலாம்.

கணக்கைப் பத்தமடையிலிருந்து ஆரம்பிப்போம்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர். பெயரைச் சொன்னதும் உங்களுக்குப் பாய்தான் ஞாபகம் வரும். ஆற்றோரத்துக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து, பருத்தி நூலில் கோத்து நெய்கிறார்கள். எலிசபெத் ராணியின் 1953 முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனது பழைய பெருமை. நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். ரம்ஜான் மாதத்தில் பொழுது சாய்ந்ததும் நோன்புக் கஞ்சிக்கு முன்னால் அவர்கள் வாயில் போடுவது ஒரு பேரீச்சம்பழம். மற்ற வீடுகளிலும் இந்தப் பழத்துக்கு மரியாதை குறைவில்லை. வயசுக்கு வந்த பெண் கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தால் போதும், 'ஏட்டி, என்ன இப்படி வெளுத்துப் போயிருக்க? நாலு பேரீச்சம்பழம் தின்னு' என்று ஒரு பாட்டி குரல் கொடுப்பாள்.

இத்தனைக்கும் அந்தப் பழம் இந்த மண்ணில் விளைந்ததில்லை. நம் ஊரில் இருப்பது ஈச்சை. புதர் மாதிரி முள்ளோடு நிற்கும். பழம் சின்னது, கொட்டைக்கு மேல் பேருக்குச் சதை. கடல் தாண்டி வந்த பழம் அதே ஜாதி, ஆனால் பெரிசு. அதனால் 'பெரிய ஈச்சை' என்ற பொருளில் பேரீச்சை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எந்த வழியாக வந்தது? அதற்கும் தாமிரபரணிதான் வாசல். பத்தமடையிலிருந்து ஆற்றோடு கிழக்கே போனால், அது கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய காயல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு காயலுக்குக் கப்பல்கள் வருவதைச் சொல்கிறார். பாண்டியன் குதிரைக்குக் கொட்டிக்கொடுத்த பணம் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்குப் போன சரக்குகளில் குதிரையும் முத்தும் போலவே பேரீச்சையும் ஒன்று. கெட்டுப்போகாது, எடைக்கு எடை பசியை அடக்கும். கப்பல்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பழத்தில் இப்படி என்றால், இரும்பில் இந்த ஆற்றங்கரை இன்னும் பழசு. 1899-க்கும் 1905-க்கும் நடுவே அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வாள், ஈட்டி என்று குவியலாக வந்தன. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, தமிழ்நாட்டில் இரும்பின் வயது கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் மாநில அரசு அறிவித்தது. அறிஞர்கள் அதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கட்டும். நமக்கு இடிக்கிற விஷயம் வேறு. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 57.4 சதவிகிதம். மண்ணுக்கடியில் ஐயாயிரம் வருஷத்து இரும்பு என்கிறோம். மேலே நடமாடுகிற பெண்களில் பாதிப்பேருக்கு ரத்தத்தில் இரும்பு பத்தவில்லை!

ரத்தத்துக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஐரோப்பாவில் கண்டுகொண்டது 18-ஆம் நூற்றாண்டில்தான். இத்தாலியின் பொலோனியா நகரத்தில் வின்சென்சோ மெங்கினி என்ற மருத்துவர் 1740-களில் ரத்தத்தை எரித்து, சாம்பலில் காந்தத்தைக் காட்டினார். துகள்கள் வந்து ஒட்டின. நம் சித்த வைத்தியர்கள் காந்தம் காட்டினார்களா தெரியாது. ஆனால் பாண்டு, சோகை என்றால் அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் கொடுப்பார்கள். அன்னபேதி என்பது வேறொன்றுமில்லை, பச்சை நிறப் படிகமாகக் கிடைக்கும் இரும்பு உப்பு. 'ஃபெர்ரஸ் சல்ஃபேட்' என்று கெமிஸ்ட்ரி வாத்தியார் சொல்வாரே, அதேதான். ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குக் கொடுக்கிற இரும்பு மாத்திரையிலும் பெரும்பாலும் அதேதான்! வைத்தியர் அதைப் புடம்போட்டுச் சிவப்பாக்குகிறார்; கம்பெனி அதற்குச் சர்க்கரைப் பூச்சுப் பூசுகிறது.

ஆக, சோகைக்கு இரும்பு வேண்டும். அதில் சண்டையில்லை. பேரீச்சம்பழத்தில் அது எவ்வளவு இருக்கிறது?

இங்கேதான் ஒரு வேடிக்கை. நம் நாட்டு உணவுகளில் என்ன சத்து எவ்வளவு என்று முதலில் ஒழுங்காக அளக்க ஆரம்பித்தது நம்ம குன்னூரில். ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் அங்கே நடத்திய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு, அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937-ல் ஒரு சின்ன வெளியீடு போட்டார். இந்திய உணவுகளின் சத்து அட்டவணை. ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. அட்டவணை வளர்ந்து 1971-ல் சி. கோபாலனும் கூட்டாளிகளும் தொகுத்த பெரிய புத்தகமானது. சேலத்தில் பிறந்தவர் அவர். இன்றைக்கும் காலண்டரில், டீக்கடைப் பேப்பரில், வாட்ஸப்பில் நீங்கள் பார்க்கிற சத்துக் கணக்கெல்லாம் பாதிக்கு மேல் அந்தப் புத்தகத்து எண்கள்தான். அதில் உலர்ந்த பேரீச்சை 100 கிராமில் இரும்பு 7.3 மில்லிகிராம். உலர்திராட்சையில் 7.7.

அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணையைப் பிரித்தால்? பேரீச்சையில் சுமார் 1 மில்லிகிராம். உலர்திராட்சையில் 2-க்குக் கொஞ்சம் கீழே. ஏழுக்கு ஒன்று!

யார் பொய் சொல்கிறார்கள்? யாருமே சொல்லவில்லை. ரகம் வேறு, மண் வேறு, காய்ந்த அளவு வேறு. அதோடு, இரும்பை அளக்கிறவர்கள் எல்லோரும் பயப்படுகிற ஒரு வில்லன் உண்டு: தூசி. மண்ணிலேயே இரும்பு இருக்கிறது. பிசுபிசுப்பான பழத்தில் மண் ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்துதான் கணக்கில் ஏறும். உடம்புக்கு அந்த மண் இரும்பு அநேகமாக உதவாது. தள்ளுவண்டிப் பழத்தின் கறுப்பு நிறத்தை நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இரும்பு வியாபாரி, இரும்புக் கடையிலேயே வைத்து விற்ற பழம் அல்லவா!

சரி, இரண்டு எண்ணையும் வைத்தே கணக்குப் போடுவோம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு சாப்பாட்டில் வேண்டும் என்கிறது 2020-ல் வந்த இந்தியப் பரிந்துரை. ஆணுக்கு 19. பாட்டி சொன்ன நாலு பேரீச்சம்பழம் என்பது சுமார் 30 கிராம். நம் அட்டவணைப்படி 2.2 மில்லிகிராம், அமெரிக்க அட்டவணைப்படி 0.3. முழு 29-ஐயும் பேரீச்சையில் எடுப்பதென்றால், தாராளமான கணக்கில் 400 கிராம், கறாரான கணக்கில் கிட்டத்தட்ட 3 கிலோ! பழத்தின் எடையில் அறுபது சதவிகிதத்துக்கு மேல் சர்க்கரை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

காய்ந்த பழம் சத்துள்ளதாகத் தெரிவதற்குக் காரணம் எளிமையானது. தண்ணீர் போய்விடுகிறது. நாலைந்து கிலோ திராட்சையைக் காயவைத்தால் ஒரு கிலோ கிஸ்மிஸ். அதில் எடைக்கு எடை இரும்பு ஐந்து மடங்கு. மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் காயும்போது போகிற இன்னொன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் பத்தமடைக்காரர் ஒருவரோடு கப்பல் ஏறவேண்டும்.

1887 செப்டம்பர் 8 அன்று பத்தமடையில் பிறந்த குப்புசாமி, எட்டயபுரத்தில் பள்ளிப்படிப்பு, திருச்சியில் கல்லூரி, தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு என்று சுற்றியவர். 1909-ல் திருச்சியிலிருந்து 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ மாதப் பத்திரிகையே நடத்தினார். 1913-ல் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். கப்பல் சாப்பாடு ஆசாரத்துக்கு ஒத்துவராது என்று அம்மா செய்து கொடுத்த இனிப்புகளையும் தண்ணீரையும் வைத்தே பயணத்தை ஓட்டி, போய் இறங்கும்போது பாதி உயிராகத்தான் இருந்தாராம். சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே ஏழு வருஷம், பிறகு ஜொகூரில். 1923-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பி, 1924-ல் ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கினார். ஆமாம், உலகத்துக்குச் சுவாமி சிவானந்தர் என்று தெரிந்தவர்தான். சாமியாரான பிறகும் மருந்துப் பெட்டியை விடாமல் லட்சுமணஜூலாவில் இலவச வைத்தியசாலை வைத்தார்.

நமக்கு வேண்டியது அந்தப் பத்து மலேயா வருஷங்கள். அந்தக் காலத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் யார் தெரியுமா? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் போன தமிழ்க் கூலிகள். முகம் வெளுத்து, கால் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். துரைமார்கள் இதற்கு வைத்த பேர் 'சோம்பேறித்தனம்'. உண்மையான பேர் கொக்கிப்புழு.

இந்தப் புழு பெரும்பாலும் வாய் வழியாக வருவதல்ல. மலம் கலந்த ஈர மண்ணில் குஞ்சாகக் காத்திருந்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து ஏறி, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து குடலுக்கு இறங்கி, பல்லால் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் குடிக்கும். ஒரு வகை நாளொன்றுக்கு 0.03 மில்லி ரத்தம் எடுக்கும். இன்னொரு வகை அதைப்போல் ஐந்து மடங்கு. 'இவ்வளவுதானா' என்று நினைக்காதீர்கள். வயிற்றில் நூறு, இருநூறு என்று இருந்தால்? ஒரு மில்லி ரத்தம் போனால் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. அந்த ஓட்டையை நாலு பேரீச்சம்பழத்தால் அடைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

சிவானந்தர் மலேயாவில் இருந்த அதே வருஷங்களில், 1915-லிருந்து 1917 வரை, ராக்ஃபெல்லர் பணத்தில் ஒரு குழு அங்கே வந்தது. தலைவர் சாமுவேல் டார்லிங், பனாமா கால்வாய் வெட்டியபோது வேலை பார்த்த டாக்டர். மலேயா, ஜாவா, ஃபிஜி மூன்று இடத்திலும் அவர்கள் செய்த வேலை கேட்கவே குமட்டும்: மருந்து கொடுத்து, வெளியே வந்த புழுக்களைக் கழுவி, ஒவ்வொன்றாக எண்ணினார்கள்! கூடவே ரத்தத்தின் நிறத்தையும் அளந்தார்கள். புழு ஏற ஏற ரத்தம் வெளுப்பது எண்களில் தெரிந்தது. சோம்பேறிப் பட்டம் காகிதத்திலாவது அழிந்தது. அப்போது கொடுத்த மருந்துகளில் ஒன்று தைமால். அது எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? நம்ம ஓமம். இந்திய ஓமம் ஜெர்மனிக்குப் போய் தைமாலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. முதல் உலகப்போரில் அந்த வழி அடைபட்டு மருந்துக்கே தட்டுப்பாடு.

1920-ல் அதே கொக்கிப்புழு வேலை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. வந்துதானே ஆகவேண்டும்? நாள் முழுக்க வெறுங்காலோடு வயல் ஈரத்தில் நின்று நடுகிறவர்கள், கழிப்பறை இல்லாமல் வரப்போரம் ஒதுங்குகிறவர்கள். தாமிரபரணி மாதிரி மூன்று பக்கமும் வாய்க்கால் ஓடும் நிலத்தைவிடப் புழுவுக்குச் சௌகரியமான இடம் எது? மருந்து கொடுத்தால் புழு போகும். அடுத்த நடவுக்கு வயலில் இறங்கினால் திரும்ப வரும். செருப்பும் கக்கூஸும் வரும்வரை இந்தக் கதை ஓயவில்லை. சோகையைப் பற்றிப் பேசும்போது பழத்தையும் கீரையையும் பேசுகிற நாம், செருப்பைப் பேசுவதே இல்லை.

எல்லாச் சோகையும் இரும்புச் சோகையும் அல்ல. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க்கு வந்தார். மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பகாலத்தில் ஒரு விநோதச் சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். இரும்பு கொடுத்தும் பலனில்லை. குன்னூரிலும் ஆய்வு செய்தார், 1931-ல் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். கடைசியில் கேட்டது எது? பீர் காய்ச்சின ஈஸ்ட்டிலிருந்து செய்யும் 'மார்மைட்' என்ற, ரொட்டியில் தடவுகிற மலிவான பசை! அதில் இருந்த மர்மப் பொருளைத்தான் பிறகு 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்ற லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்றார்கள். 1970-ல் இந்திய அரசு சோகைத் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் ஏறியது அதனால்தான்.

இப்போது, 'பின்னால் சொல்கிறேன்' என்றேனே, அந்த விஷயம். அதைக் கண்டுபிடிக்க உதவியவர்களும் கப்பலேறிப் போனவர்களின் பேத்திகள்தான். ஆனால் மலேயாவில் இல்லை, தென்னாப்பிரிக்காவில்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றது. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து போன முதல் ஒப்பந்தக் கூலிகள். நூறு வருஷம் கழித்து அவர்களுடைய வம்சம் டர்பனைச் சுற்றிய குடியிருப்புகளில் இருந்தது. சோறும் குழம்பும், சாப்பிட்ட கையோடு டீயும் விடவில்லை. பெண்களுக்குச் சோகையும் விடவில்லை. ஏன் என்று பார்க்க தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் அந்தப் பெண்களையே கேட்டுக்கொண்டு, உணவில் அடையாளமிட்ட இரும்பைக் கலந்து கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்தார்கள். 1975-ல் வெளியான முடிவு இது: சோறும் உருளைக்கிழங்கு-வெங்காய சூப்பும் சாப்பிட்டபோது இரும்பில் 10.8 சதவிகிதம் உடம்பில் சேர்ந்தது. அதே சாப்பாட்டோடு டீ குடித்தபோது? வெறும் 2.5!

டீயில் இருக்கிற துவர்ப்பு குடலிலேயே இரும்பைக் கட்டிப்போட்டு விடுகிறது. நாலில் மூன்று பங்கு போச்சு. இதைப் படிக்கும்போது உங்கள் கையில் டம்ளர் இருந்தால் பதற வேண்டாம். டீயை விடச் சொல்லவில்லை. சோற்றுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள், போதும்.

1987-ல் இன்னொரு ஆய்வு வந்தது. இதிலும் இந்தியப் பெண்கள்தான், 234 பேர். இந்தத் தடவை சோற்றோடு பழங்கள். சில பழங்கள் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் கொய்யாவும் பப்பாளியும் சோற்றிலிருந்து சேரும் இரும்பைப் பல மடங்கு தூக்கிவிட்டன! இத்தனைக்கும் கொய்யாவில் இரும்பு சொற்பம். வேலை செய்தது அதிலிருந்த வைட்டமின் சி. அது இரும்பைக் குடல் ஏற்றுக்கொள்கிற உருவத்துக்கு மாற்றி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது.

புரிகிறதா? பழத்தை வெயிலில் காயவைக்கும்போது முதலில் சாகிறது இந்த வைட்டமின் சி-தான். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. 100 கிராம் பேரீச்சையில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. ஆளைக் கூப்பிட்டு, வழிகாட்டியை வாசலிலேயே விட்டுவிட்ட கதை. உலர்திராட்சையில் டீயில் இருப்பது மாதிரியான துவர்ப்புச் சமாசாரமும் கொஞ்சம் உண்டு. உங்களுக்கு 29 மில்லிகிராம் சாப்பிடச் சொன்னார்களே, உடம்பு தினமும் உண்மையில் இழப்பது சராசரியாக ஒன்றரை, இரண்டு மில்லிகிராம்தான். மீதியெல்லாம் வழியிலேயே தடுக்கப்படும் என்று தெரிந்து போட்ட கணக்கு அது. ஆட்டு ஈரலிலும், நம் கசாப்புக்கடைகளில் 'சுவரொட்டி' என்று கேட்டு வாங்கும் மண்ணீரலிலும் இருக்கிற இரும்புக்கு இந்தத் தடை குறைவு. அதைச் சமைத்துக் கொடுத்த பாட்டிக்கு மட்டும் நான் முழு மார்க் போடுவேன்.

பேரீச்சைக்கு எதிராகக் கட்சி கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். சாக்லெட்டுக்குப் பதில் நாலு பேரீச்சை தின்கிற பிள்ளை அதிர்ஷ்டசாலி. 100 கிராமில் 8 கிராம் நார்ச்சத்து, தாராளமாகப் பொட்டாசியம். இரும்பு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் பலர் பாதியில் நிறுத்துவது மலச்சிக்கலால்தான். அங்கே இந்த நார் உதவும். மாத்திரைக்குத் துணையாக வந்தால் பேரீச்சை நல்ல பழம். மாத்திரைக்குப் பதிலாக வந்தால்தான் வம்பு. ஆறு மாதமாக டப்பா டப்பாவாகப் பேரீச்சம்பழம் தின்கிற, மாதாமாதம் அதிக ரத்தப்போக்கு இருக்கிற ஒரு பெண், 'சத்தாத்தான சாப்பிடுறோம்' என்ற தைரியத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறாளே, ஆபத்து அங்கேதான். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே என்றால் அது சோகை. பிரசவ மேஜையில் ரத்தம் போகும்போது, எட்டோடு வந்தவளுக்கும் பன்னிரண்டோடு வந்தவளுக்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் உயிர்தான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் ஒரு மகப்பேறு உதவித் திட்டம் தமிழ்நாட்டில் 1987-ல் முந்நூறு ரூபாயோடு ஆரம்பித்தது. 2018-ல் அதோடு ஊட்டச்சத்துப் பெட்டகம் ஒன்றையும் சேர்த்தார்கள். அதில் என்னென்ன வைத்தார்கள் தெரியுமா? சத்துமாவு, நெய், இரும்பு டானிக். பாட்டி மனசு குளிர, பேரீச்சம்பழமும். ஒரு ஓரத்தில், பெரும்பாலானவர்கள் எதற்கென்றே கவனிக்காத அல்பெண்டசோல் மாத்திரை. மலேயாவில் டார்லிங் குழு உட்கார்ந்து எண்ணிய அந்தப் புழுவுக்கான மருந்துதான் அது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அதைச் சாப்பிடக் கூடாது. பிறகு நர்ஸம்மா சொல்கிற நேரத்தில் மறக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். கொய்யாப்பழத்தை மட்டும் பெட்டகத்தில் வைக்க முடியாது, நாலு நாளில் அழுகிவிடும். அதை ஆஸ்பத்திரி வாசலில் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம்தான் வாங்கவேண்டும்.